ராயபுரத்துக்குத் திரும்பியவர்

என் கணவர் ராயபுரத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் தாய்மாமனோடு கப்பலேறி மலேயாவுக்கு வந்தவர், கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியே ஓய்வு பெற்றார். நான் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். இந்தியாவைப் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தேன். சங்கிலி இடுக்கில் விரல் நசுங்கி அவர் அங்கே வந்தார். நான்தான் கட்டுப் போட்டேன். தாதிகளை எங்கள் நாட்டில் மிஸ்ஸி என்று கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் அவருக்கு நான் மிஸ்ஸிதான். “மிஸ்ஸி, கோப்பி கொண்டா” என்பார். மகள் பிறந்து, பள்ளிக்கூடம் போய், கட்டிக்கொண்டு ஜொகூர் போகும்வரை அந்த வீட்டில் என் பெயரை யாரும் சொன்னதாக நினைவில்லை.

ஓய்வு பெற்றதும் ராயபுரம் போய்விட வேண்டும் என்பதை அவர் ஆசையாகச் சொன்னதே இல்லை. நாளைக்குச் சந்தைக்குப் போகவேண்டும் என்பதுபோலச் சொல்வார். ஆகவே நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள், வீட்டை வாங்க ஒரு சீனக் குடும்பம் வந்து அறை அறையாகப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் போகப்போவது நிஜம் என்று எனக்கு உறைத்தது. மகள் தொலைபேசியில் கத்தினாள். “அப்பா பொறந்த ஊரும்மா அது, நீ எதுக்குப் போற?” அவர் போகிறார், நான் போகிறேன், அவ்வளவுதான்.

ராயபுரத்தில் அவர் பிறந்த வீட்டில் தம்பி குடியிருந்தார். இரண்டு மகன்கள், மருமகள்கள், பிள்ளைகள். எங்களுக்கு அங்கே இடமில்லை என்பது வாசலிலேயே தெரிந்துபோயிற்று. தம்பிதான் திருவொற்றியூரில் கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு மாடிப் போர்ஷன் பார்த்துக் கொடுத்தார். கீழே வீட்டுக்காரம்மா தனியாக இருந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், விதவை, காசிமேட்டில் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை. முதல் நாளே படியேறி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னாக்கா, மலேசியாவா? அங்க எல்லாம் நல்லாத்தானே கீது? இங்க இன்னாத்துக்கு வந்தீங்க?”

“அவங்க ஊரு இது” என்றேன்.

“நல்லா வந்தாரு ஊருக்கு” என்று சிரித்துவிட்டு, தண்ணி லாரி வரும் நேரத்தையும், எந்தக் குடத்தை எங்கே வரிசையில் வைத்தால் யார் தள்ளிவைப்பார்கள் என்பதையும் சொல்லிக்கொடுத்தாள்.

மேற்கே இருந்து காற்றடித்தால் மணலிப் பக்கத்து ஆலைகளின் வாடை வரும். அழுகிய முட்டையும் மண்ணெண்ணெயும் சேர்ந்ததுபோல் இருக்கும். வடக்கிலிருந்து அடித்தால் எண்ணூர் அனல்மின் நிலையத்துக் கரித்தூள். துவைத்துப் போட்ட வெள்ளைப் புடவையை மாலையில் எடுத்து உதறினால் விரல் கறுக்கும். ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வெள்ளை உடுத்தியவள் நான். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் என் வெள்ளைப் புடவைகளை எல்லாம் மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

வந்த புதிதில் அவர் தினமும் என்னை ராயபுரத்துக்கு அழைத்துப் போனார். இங்கே ஒரு குதிரை லாயம் இருந்தது, இங்கே ஒரு பாய் சர்பத் போடுவார், இந்தச் சந்தில் நுழைந்தால் கடல் தெரியும் என்று விரலை நீட்டிக்கொண்டே நடப்பார். விரல் நீட்டிய இடத்தில் ஜெராக்ஸ் கடையோ, சரக்கு கோடவுனோ, சுவரோ இருக்கும். சந்துக்குள் நுழைந்தோம், கடல் தெரியவில்லை. அவர் அதற்காக முகம் சுண்டவில்லை. அவரைக் குத்தியது வேறு. ஆட்டோக்காரர்கள் அவர் வாயைத் திறந்ததும், “இன்னா சார், சிலோனா?” என்று கேட்பார்கள். “ராயபுரம்டா நான்” என்பார். சின்ன வயதில் பேசிய பேச்சை இழுத்துப் பேசிப் பார்ப்பார். அது ஐம்பது வருஷத்துக்கு முந்தைய பேச்சு. கேட்டவர்கள் சிரித்தார்கள்.

வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் அவரைவிடப் பாதி வயதுள்ள ஒருவர் பாஸ்போர்ட்டைப் புரட்டினார்.

“பிறந்தது ராயபுரம். குடியுரிமை மலேசியா. என்ன காரணத்துக்காக வந்திருக்கீங்க?”

“இருக்கறதுக்கு.”

“இருக்கறதுன்னா? டூரிஸ்டா?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கிரேன் உச்சியில் உட்கார்ந்து கப்பலையே கீழே பார்த்த மனிதர். “நீ சொல்லு மிஸ்ஸி” என்றார். ஏதோ சொல்லி முத்திரை வாங்கிக்கொண்டு வந்தோம்.

எப்படியோ பழகிவிட்டது. அவர் காலையில் அண்ணாச்சி கடையில் பேப்பர் படிப்பார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் அந்த அண்ணாச்சி. மளிகைக் கடையும் தொலைபேசி பூத்தும் வைத்திருந்தார். அவரும் வேற்றூரிலிருந்து வந்தவர் என்பதாலோ என்னவோ, இருவருக்கும் ஒத்துப்போயிற்று. நான் தெருவில் ஊசி போடவும் புண்ணுக்கு மருந்து கட்டவும் ஆரம்பித்தேன். ஷெட்டில் இறால் உரிக்கும் பெண்களுக்கு விரல் நுனியெல்லாம் வெந்து புண்ணாக இருக்கும். கீழ்வீட்டுக்காரி அவர்களைக் கூட்டம் கூட்டமாக மாடிக்கு அனுப்புவாள். வருஷத்துக்கு ஒருமுறை நாங்கள் ஊர் சுற்றினோம். தஞ்சாவூர், மதுரை, ராமேஸ்வரம். எனக்கு எல்லாமே புதிது. அவருக்கும் புதிதுதான், ஆனால் சொந்த வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர்போல முன்னால் நடப்பார்.

மூன்றாவது வருஷமோ நான்காவது வருஷமோ, கன்னியாகுமரியில் பாறைக்குப் போகும் படகுக்கு வரிசையில் நின்றோம். நல்ல வெயில். அவர் என் பக்கம் சாய்ந்து, “கெத்தாம் தீவுக்குத்தானே இது? நண்டு வாங்கணும்” என்றார்.

கெத்தாம் தீவு கிள்ளான் கரையிலிருந்து படகில் போகிற ஊர். விடுமுறை நாட்களில் மகளைக் கூட்டிக்கொண்டு நண்டு சாப்பிடப் போவோம். கேலி பேசுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. படகு கிளம்பியதும் கரையைப் பார்த்துக்கொண்டே வந்தவர், பாறையில் இறங்கியதும் குழம்பிப்போய் நின்றார். “இது எந்த எடம்?” என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்வியை வார்டுகளில் எத்தனையோ நோயாளிகள் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். கேட்டவர்களின் வீட்டார் முகத்தைப் பார்த்து எனக்கு முன்கூட்டியே தெரிந்ததைச் சொல்லாமல் நின்றிருக்கிறேன். இந்த முறை வீட்டாள் நான்.

சென்னையில் ஒரு டாக்டர் மூளையைப் படம் எடுத்துப் பார்த்து, தலையைச் சொறிந்துகொண்டு, “நீங்க நர்ஸ்தானே, உங்களுக்குத் தெரியும்” என்றார். தெரியும்.

மறதி அவரிடம் மேலிருந்து கீழே போயிற்று. முதலில் திருவொற்றியூர் போனது. பிறகு தம்பி வீட்டுப் பிள்ளைகள். பிறகு மகளின் கல்யாணம். கிள்ளான் மட்டும் அசையாமல் நின்றது. தமிழில் தேடித் தேடிப் பேசியவர் மலாய்க்குப் போனதும் தடையில்லாமல் பேசினார். துறைமுகத்தில் எல்லோரும் மலாய்தான் பேசுவார்கள். சாயங்காலம் ஆனால் ஒரு பையில் சட்டை, சீப்பு, அன்றைய பேப்பர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். “பாலிக்” என்பார். வீடு திரும்பலாம் என்று அர்த்தம்.

“இதாங்க உங்க ஊரு. ராயபுரம் பக்கத்துலதான் இருக்கு” என்பேன்.

“ராயபுரம் யாருக்கு வேணும்? பாலிக்.”

வாழ்நாளெல்லாம் அந்த ஊரை அவர் சொல்லக் கேட்டவள் நான். அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன்.

திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று மகளிடம் பேசினேன். அவளும் வரச் சொன்னாள். ஆனால் போவது எங்கே? ஜொகூரில் பதினான்காவது மாடி ஃப்ளாட்டுக்கு. அவர் கேட்ட வீட்டில் சீனக் குடும்பம் இருந்தது. விமானத்தில் ஏற்றுவதே ஆபத்து என்றார் டாக்டர். புது இடம் இன்னும் குழப்பும் என்றார். இங்கேயும் இருக்க முடியாது, அங்கேயும் போக முடியாது என்று நான் கடைப் பூத்திலிருந்து மகளிடம் சொன்னபோது, தொலைபேசிக் கம்பியின் அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. அண்ணாச்சி கல்லாவைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.

தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தார். அவரும் துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். அண்ணன் கப்பலேறிப் போனதும் அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் என்ற கசப்பு அவருக்கு இருந்தது. அதுவரை எங்கள் படியை மிதித்ததில்லை. இப்போது ரேசரும் சோப்புமாக வந்து அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்துச் சவரம் செய்துவிடுவார். என் கணவர் கன்னத்தைக் காட்டிக்கொண்டு அமைதியாக இருப்பார். ஒருநாள் பாதிச் சவரத்தில் கேட்டார்.

“ஐயா, நீங்க இந்தப் பக்கம்தானே? என் தம்பிய பாத்தீங்களா? சின்னப் பையன். கப்பல்ட்ட விட்டுட்டு வந்துட்டேன். அழுதுக்கிட்டே நின்னான்.”

தம்பி ரேசரைத் தண்ணீரில் அலசினார்.

“பாத்தேன் நைனா” என்றார். “நல்லாத்தான் கீறான். அழுவல. வூட்டுக்குப் போய்ட்டான்.”

“யாரு கூட்டிக்கிட்டுப் போனா?”

“அவுங்க அம்மா வந்து இட்னு போய்ட்டாங்க.”

“அப்ப சரி” என்று கன்னத்தைத் திரும்பவும் காட்டினார். தம்பி சவரத்தை முடித்து, முகத்தைத் துடைத்துவிட்டு, மொட்டை மாடிக்குப் போனார். வெகுநேரம் கழித்துத்தான் இறங்கி வந்தார். “போய்ட்டு வரேன் அண்ணி” என்றபோது என்னைப் பார்க்கவில்லை.

என் கணவர் காணாமல்போனது ஒரு தண்ணி நாளில். லாரி வந்துவிட்டது என்று கீழே சத்தம் கேட்டு, அவர் தூங்குகிறார் என்று நினைத்துக் குடத்தோடு இறங்கினேன். திரும்பி வந்தபோது கட்டில் காலி. செருப்பும் இல்லை.

கீழ்வீட்டுக்காரி ஷெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். அண்ணாச்சி கடை ஷட்டரை இழுத்து மூடினார். அதுவரை பகலில் அந்தக் கடை மூடி நான் பார்த்ததில்லை.

“நீங்க பதறாதிய அக்கா. நான் டோல்கேட் வரைக்கும் பாத்துட்டு, அப்படியே தம்பி வீட்லயும் சொல்லிட்டு வாரேன். நீங்க ரெண்டு பேரும் கடக்கரை ரோட்டப் பாருங்க” என்று ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

கடற்கரைச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர்ப் பக்கத்திலிருந்து துறைமுகம்வரை ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். உள்ளே போக முறை வரும்வரை ஒருநாள், சிலநேரம் இரண்டு நாள்கூட அப்படியே கிடக்கும். டிரைவர்கள் அங்கேயே சமைத்து, அங்கேயே குளித்து, அங்கேயே தூங்குவார்கள். அந்த லாரிகளுக்கும் கடலுக்கும் நடுவே நாங்கள் இருவரும் நடந்தோம். நான் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன். கொட்டியிருந்த பாறைகளின் இடுக்குகளில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவள் லாரிக்காரர்களைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

“சட்ட நீல கலரு. உயரமா இருப்பாரு. கொஞ்சம் நெனப்பு இல்லாதவரு. பாத்தியா நைனா?”

வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது. அண்ணாச்சி ஸ்கூட்டரில் வந்து, அந்தப் பக்கம் இல்லை என்று தலையாட்டிவிட்டுத் திரும்பவும் போனார். காசிமேடு நெருங்கும்போது ஒரு லாரியின் அடியில் ஸ்டவ் பற்றவைத்துக்கொண்டிருந்த ஒருவர் கையைக் காட்டினார்.

“முன்னாடி மூணாவது வண்டில பாரும்மா. ஒரு பெர்சு குந்திகினு கீது. இன்னா பாஷ பேசுதுன்னே தெர்ல.”

அந்த லாரியின் டிரைவர் கீழே நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பீடியை அணைத்தார்.

“உங்க வூட்டு ஆளாம்மா? காத்தாலயே வந்து ஏறிக்கினாரு. எறங்கச் சொன்னா எறங்கல. போர்ட்டு, போர்ட்டுன்னாரு. வயசான மனுசன், ரோட்ல வுட்டா எவனாவது அட்ச்சிப் போட்டுப் பூடுவான், அத்தொட்டு சும்மா குந்த வெச்சிகினேன். பன்னு துன்னாரு. டீ குட்ச்சாரு. ஒண்ணும் பேஜாரு இல்ல.”

நான் படியில் கால் வைத்து ஏறினேன். அவர் டிரைவருக்குப் பக்கத்து ஸீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டையில் எல்லாப் பொத்தானும் போட்டு, தலையை வாரியிருந்தார். எதிரே இன்னொரு லாரியின் பின்புறம் மட்டும்தான் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. வேலைக்குப் போகிற முகம்.

“மிஸ்ஸி!” என்றார். “நீங்க எங்க இங்க?”

நீங்க என்றார். கிள்ளான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நசுங்கிய விரலை நீட்டிய அன்று அப்படித்தான் பேசினார்.

“இந்தப் பக்கமா வந்தேன்” என்றேன்.

“கப்பல் வந்துடுச்சு. இவனுங்க நகரமாட்றானுங்க. நீங்க ஒரு உதவி செய்யணும் மிஸ்ஸி. போற வழியில என் பொண்டாட்டிகிட்டச் சொல்லிடுங்க, நான் வர நேரமாகும்னு. அது நான் வராம சாப்பிடாது.”

“சொல்லிடறேன்.”

“மறந்துடாதீங்க.”

“மறக்கமாட்டேன்.”

அவர் பக்கத்தில் இருந்த இடுக்கில் உட்கார்ந்துகொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. லாரி ஒருமுறை உறுமி, ஒரு வண்டி நீளம் நகர்ந்து, மறுபடி நின்றது. அவர் தன் முழங்காலில் தட்டினார், பரவாயில்லை, நகர்கிறது என்பதுபோல. ரோட்டில் நின்ற கீழ்வீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அந்த டிரைவர்தான் ஏறிவந்து சொன்னார். “பெர்சு, கேட்டு மூடிட்டாங்கோ. கப்பலு நாளிக்கித்தானாம். வூட்டுக்குப் போய்ட்டு நாளிக்கி வா.”

வேலையில் அப்படி நடப்பது உண்டு. அவர் புரிந்துகொண்டார். “பாலிக்” என்று எழுந்து, பழக்கமானவர்போலக் கம்பியைப் பிடித்து இறங்கினார். அவருக்குக் கை கொடுத்தேன். நோயாளி தாதியின் கையைப் பிடிப்பதுபோல மரியாதையாகப் பிடித்துக்கொண்டு வீடு வரை வந்தார்.

அடுத்த நாள் தம்பி படிக்கட்டுக் கேட்டுக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தார். நோயாளியைப் பூட்டிவைக்கும் குடும்பங்களை நான் வார்டில் திட்டியிருக்கிறேன். இப்போது சாவியை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டேன். அவர் கம்பிக் கேட்டைப் பிடித்து உலுக்குவார். உலுக்கும் சத்தம் தெருவுக்கே கேட்கும். சில மாதத்தில் உலுக்குவதையும் மறந்துபோனார்.

அந்த வருஷம் பனிக்காலத்தில் நெஞ்சுச் சளி கட்டியது. ராயபுரத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் தரையிலும் ஒரு நோயாளி படுத்திருந்த வார்டு. நானே உடம்பு துடைத்தேன், நானே புரட்டிப் படுக்கவைத்தேன். அங்கே இருந்த இளம் நர்ஸ் ஒருத்தி என் கை வேலையைப் பார்த்துவிட்டு, “நீங்க நம்ம ஆளா மேடம்?” என்று கேட்டாள். அவர் பிறந்த தெரு அங்கிருந்து நடந்துபோகிற தூரம்தான். அது அவருக்குத் தெரியாது. கடைசி நாட்களில் எந்த மொழியும் இல்லை. ஒரு பிற்பகலில், நான் கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தபோது இறந்துபோனார். தம்பி பக்கத்தில் இருந்தார்.

வெளிநாட்டுக்காரர் இறந்தால் போலீஸில் எழுதிக்கொடுக்க வேண்டும், தூதரகத்துக்குச் சொல்ல வேண்டும். ராயபுரத்துக்காரரை ராயபுரத்தில் எரிக்க அத்தனை கையெழுத்து. மூலக்கொத்தளம் சுடுகாட்டில் தம்பி கொள்ளி வைத்தார். விமானம் பிடித்து வந்த மகள் அதற்குள் முடிந்துவிட்டதைக் கேட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். “அப்பாவ இங்க கொண்டாந்து கொன்னுட்டீங்க” என்றாள். அவள் யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கீழ்வீட்டுக்காரி அவளைத் தூக்கி நிறுத்தி முகம் கழுவிவிட்டாள்.

மகளோடு ஜொகூர் போனேன். மருமகன் நல்லவர். பேரப்பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். காலையில் எல்லோரும் போய்விட்டால் அந்தப் பதினான்காவது மாடியில் குளிர்சாதனத்தின் சத்தம் மட்டும் இருக்கும். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் விடிகாலைப் பஸ் பிடித்துக் கிள்ளான் போனேன். எங்கள் வீட்டின் முன்பக்கத்தை இடித்துக் கார் நிறுத்த இடம் கட்டியிருந்தார்கள். அந்தச் சீன அம்மாள் என்னை அடையாளம் கண்டு, உள்ளே வரச்சொல்லித் தேநீர் கொடுத்தாள். “புருஷன் எப்படி இருக்கிறார்?” என்று மலாயில் கேட்டாள். நன்றாக இருக்கிறார் என்றேன். துறைமுகம்வரை போய் வாசலில் நின்றேன். அவர் கேட்ட ஊரும் அங்கே இல்லை. அவர் வேலை செய்த கிரேன்கள் இல்லை. இப்போதிருப்பவை வேறு, மிக உயரமானவை. ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டேன். எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு வருஷம் ஆவதற்குள் திருவொற்றியூருக்குத் திரும்பினேன். ஏன் என்று மகள் கேட்டாள். அங்கே என்னை யாராவது கத்திக் கூப்பிடுவார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. அதைச் சொன்னால் அவள் மனம் நோகும். ஊசி போட ஆள் இல்லையாம் என்றேன்.

நான் இல்லாத நாட்களில் கடல் ஏறி, எங்களுக்கு முன்னால் இருந்த இரண்டு வரிசை வீடுகளைக் கொண்டுபோயிருந்தது. இப்போது அலை அடித்தால் கீழ்வீட்டுச் சுவர் நனைகிறது. அவளுக்கு இருமல் நிற்பதில்லை; ஷெட் வேலையை விட்டுவிட்டாள். காலையில் அவள் முதுகைத் தட்டிச் சளி எடுத்துவிடுகிறேன். கடலோரத்துக்காரர்களுக்கு மணலி புதுநகர்ப் பக்கம் அரசாங்கம் வீடு தரும், பதிந்து வையுங்கள் என்று யாரோ வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

“போலாமா?” என்று கேட்டேன்.

“அங்க போயி இன்னா பண்றது?” என்றாள். “கடலு வர்ற அன்னிக்கி பாத்துக்கலாம். நீ மொதல்ல கஞ்சி குடி அக்கா, ஆறிப்போச்சு.”